மேல் ஓரத்தில் இருந்த எண்

போன மாதம் மதுரையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில், இறுதியாண்டு மாணவர்களுக்கு ரெஸ்யூம் எழுதுவது பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். என்னோடு கடைசி நான்கு வருடம் வேலை பார்த்த பெண் இப்போது அங்கே பிளேஸ்மென்ட் பிரிவில் இருக்கிறாள். "மேடம், இப்பல்லாம் கம்பெனியில சாஃப்ட்வேர்தான் ரெஸ்யூமப் படிக்குது. பசங்களும் சாஃப்ட்வேர வச்சுத்தான் எழுதுறாங்க. மனுசங்க படிச்ச காலத்துல எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க" என்றாள்.

போய்ப் பேசினேன். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், செய்யாத வேலையைச் செய்ததாக எழுத வேண்டாம், அனுப்புவதற்கு முன் ஒரு முறை தாளில் அச்செடுத்துப் படியுங்கள் என்றெல்லாம் சொன்னேன். அச்செடுத்துப் படிக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மேடையில் சொல்லவில்லை. சொல்ல நேரமாகும், அதில் என் தவறும் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து எழுதினால் வரிசையாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

நான் பி.காம். முடித்து, தட்டச்சில் ஹையர் பாஸ் செய்து, வாடிப்பட்டி போகிற சாலையில் இருந்த ஒரு ரப்பர் உதிரிபாகத் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். லாரிக்கும் டிராக்டருக்கும் வேண்டிய புஷ், சீல், ஹோஸ் போன்றவை அங்கே தயாராகும். முப்பத்தொரு வருடம் கழித்து அதே ஆலையில் எச்.ஆர். பிரிவு உதவியாளராக ஓய்வு பெற்றேன். நான் சேர்ந்தபோது அந்தப் பிரிவுக்குப் பெர்சனல் டிபார்ட்மென்ட் என்று பெயர். பெயரை மாற்றினார்கள். என் மேசையும் இரும்பு பீரோவும் அப்படியே இருந்தன.

வருடத்துக்கு ஒரு முறை, பங்குனியிலோ சித்திரையிலோ, பயிற்சிப் பொறியாளர்களை எடுப்போம். நான்கு இடம், சில வருடம் ஆறு. அதற்கு முந்நூறு விண்ணப்பங்களாவது வரும். வந்தவற்றில் தேதி முத்திரை வைத்து, வரிசை எண் போட்டு, நீளமான ஒரு பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. பெயர், பிரிவு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு சதவீதம், அரியர் இருந்ததா, தொலைபேசி எண். ஏற்றிய பிறகு மூன்று கோப்புகளாகப் பிரிப்பேன். கூப்பிட வேண்டியவை பச்சை. தேவைப்பட்டால் பார்க்கலாம் என்பவை மஞ்சள். மற்றவையெல்லாம் காக்கி நிறக் கோப்பில் போகும். காக்கிக் கோப்பில் போனவர்களுக்கு எந்தத் தகவலும் அனுப்ப மாட்டோம். அதுதான் வழக்கம்.

முந்நூறையும் நான் படித்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. முதல் வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான். சவால் நிறைந்த சூழலில் தன் திறமையை முழுமையாகப் பயன்படுத்தி நிறுவனத்தோடு சேர்ந்து தானும் வளர விரும்புவதாக எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஒரு வருடம் ஒரே கல்லூரியிலிருந்து வந்த பதினோரு விண்ணப்பங்களில், பதினோரு பேரும் ஒரே கோட்டும் ஒரே மெரூன் டையும் போட்டிருந்தார்கள். கல்லூரிக்கு எதிரே ஒரு ஸ்டூடியோ, அங்கே ஒரு கோட்டுதான் இருந்திருக்கிறது. ஒல்லியாக இருந்தவர்களுக்குப் பின்னால் கிளிப் குத்தியிருந்தது போட்டோவிலேயே தெரிந்தது. இன்னொரு வருடம் ஒரு மாணவனின் கவரிங் லெட்டர், 'தங்கள் நிறுவனத்தில் பணிபுரிவது என் பள்ளிக்காலக் கனவு' என்று சென்னையில் இருக்கிற வேறொரு கம்பெனியின் பெயரைச் சொல்லி வந்தது. என் மேலாளர் அதைப் படித்துவிட்டு, "இது நமக்கு வந்ததில்லம்மா. அந்தக் கம்பெனிக்கே அனுப்பிரு" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சாயந்திரம், "அனுப்பிட்டியா?" என்று கேட்டார். ஆலை உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பினேன்.

அந்த மேலாளர் துளசிராம் சார். நான் அதிக காலம் வேலை பார்த்தது அவரிடம்தான். சௌராஷ்டிரா வீட்டுக்காரர். வீட்டுக்குப் போன் பேசும்போது அவர் பாஷை கடகடவென்று ஓடும். எங்களிடம் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து மேசைமேல் வைப்பதுபோலப் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு விண்ணப்பத்தை எடுத்தால் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா, 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்பதற்கு அடியில் இருக்கிற ஊர்ப் பெயர் சரியா என்று பார்த்துவிட்டு முன்னால் வருவார். வரிக்கு அடியில் இரும்பு ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். அவசரம் என்று வெளியே ஆள் நின்றாலும் ஸ்கேல் அதே வேகத்தில்தான் இறங்கும்.

நேர்காணலில் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார். ரெஸ்யூமை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, "இதுல எந்த வரி நீ எழுதுனது?" என்பார். பெரும்பாலானவர்கள் எல்லாம் நான்தான் சார் என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு பெண் மட்டும் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "அட்ரஸ் மட்டும்தான் சார்" என்றாள். துளசிராம் சார் சிரிக்கவில்லை. "அது சரியா இருக்கா?" என்று கேட்டார். "கதவு நம்பர் மாறிருச்சு சார், புதுசு போட்டிருக்கேன்" என்றாள். அவளை எடுத்தார்கள். ஆறு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தாள்.

இனி அந்தச் சம்பவம். பத்து, பன்னிரண்டு வருடம் இருக்கும். அந்த வருடம்தான் முதல்முறையாக விண்ணப்பங்களை மின்னஞ்சலில் மட்டும் வாங்கினோம். துளசிராம் சாருக்குத் திரையில் ஸ்கேல் வைக்க முடியாது. அதனால் வந்த ஒவ்வொன்றையும் நான் அச்செடுத்து, பழையபடியே முத்திரை வைத்துப் பதிவேட்டில் ஏற்றினேன். எழுபது சதவீதத்துக்குக் குறைந்தாலோ அரியர் இருந்தாலோ கூப்பிடுவதில்லை என்பது அந்த வருட விதி. பச்சைக் கோப்பில் பதினான்கு பேர் தேறினார்கள். அதில் ஒருவன் சிக்கந்தர். கோரிப்பாளையத்துப் பையன், மெக்கானிக்கல், எண்பத்தொரு சதவீதம். கவரிங் லெட்டர் நன்றாக இருந்தது. எங்கள் ஆலை என்ன செய்கிறது என்று தெரிந்து எழுதியிருந்தான். ஆயில் சீல் ஏன் கசிகிறது என்று கல்லூரிப் பட்டறையில் பார்த்ததைப் பற்றி நான்கே வரிகள்.

பதிவேட்டில் இருந்த எண்களுக்கு ஆலைத் தொலைபேசியிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

"சிக்கந்தரா பேசுறது?"

கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தது. "சொல்லுங்க மேடம்."

கம்பெனி பெயர், தேதி, நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றான். அவ்வளவுதான். அடுத்த எண்ணுக்குப் போய்விட்டேன்.

நேர்காணல் அன்று காலை ஒன்பதரைக்குக் கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். "சந்திராம்மா, லிஸ்ட்ல பேரு இல்லாத ஒரு பையன் வந்திருக்கான். போன் வந்துச்சுங்கிறான். விட மாட்டேன்னா போக மாட்டேங்கிறான்."

இறங்கிப் போனேன். நீலச் சட்டை, நன்றாகத் தேய்த்தது. ஜவுளிக்கடைப் பையில் கோப்பு வைத்திருந்தான். சோழவந்தான் பக்கத்து ஊர், பெயர் பிரபு என்றான். செல்போனை எடுத்து, வந்த அழைப்புகளில் எங்கள் ஆலை எண்ணைக் காட்டினான். "இந்த நம்பர்லருந்துதான் மேடம் வந்துச்சு. இன்னைக்கு ஒம்போதரைக்கு வரச் சொன்னீங்க."

மேலே போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். பிரபுவும் விண்ணப்பித்திருந்தான். சிக்கந்தருக்குப் பத்துப் பன்னிரண்டு வரி கீழே அவன் பெயர். அறுபத்தாறு சதவீதம், இரண்டு அரியர், பிறகு எழுதித் தேறியது. காக்கிக் கோப்பு. இரண்டு பேருக்கும் நேரே ஒரே தொலைபேசி எண் என் கையெழுத்தில் இருந்தது. வரி மாறி, பிரபுவின் எண்ணைச் சிக்கந்தருக்கும் நானே எழுதிவிட்டேன் என்று முடிவு செய்தேன். சரிபார்க்கலாம் என்றால் சிக்கந்தரின் தாள் துளசிராம் சார் அறையில் இருந்தது. உள்ளே நேர்காணல் ஆரம்பமாகிவிட்டது. நானே வரச் சொன்னவனைக் கேட்டிலிருந்து திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. காக்கிக் கோப்பிலிருந்து அவன் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், "நம்பர் மாறி இவனக் கூப்பிட்டுட்டேன் சார். வந்துட்டான்" என்றேன்.

துளசிராம் சார் என்னைப் பார்த்தார். "வரச் சொன்னது நாம. பாத்துட்டு அனுப்புவோம்" என்றார்.

நான் கூப்பிட்டது பிரபுவை என்றால், சிக்கந்தரை யாருமே கூப்பிடவில்லை என்றுதானே அர்த்தம்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை என்று எழுதலாம். ஆனால் மதியம் சாப்பிடும்போது உறைத்தது. அவனுடைய சரியான எண்ணைத் தேடிக் கூப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் வரச் சொல்லியிருக்கலாம். கோரிப்பாளையத்திலிருந்து வந்துவிடலாம். பாதிப் பேரை முடித்துவிட்டார்கள், இனி என்ன என்று டப்பாவைக் கழுவி வைத்துவிட்டேன்.

பிரபு உள்ளே போனபோது குறிப்பெடுக்க நானும் இருந்தேன். வழக்கமான கேள்வி வந்தது.

"எல்லா வரியும் நான் எழுதுனதுதான் சார்" என்றான். "எங்க கிளாஸ்ல பாதிப் பேத்துக்கு ரெஸ்யூம், கவரிங் லெட்டர் எல்லாம் நான்தான் எழுதிக் குடுத்தேன்."

துளசிராம் சார் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "இந்த வேலைக்கு இப்ப ஒரு லெட்டர் எழுது." பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தான். அடித்தல் திருத்தல் இல்லை. உடன் இருந்த ஒர்க்ஸ் மேனேஜர் அச்சு வார்ப்பு பற்றியும் அளவுக் கருவிகள் பற்றியும் கேட்டார். தெரிந்ததைச் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். அன்று எடுத்த நான்கு பேரில் அவனும் ஒருவன். ஒர்க்ஸ் மேனேஜர் வெளியே வந்து, "உங்க தப்பால ஒரு நல்ல பையன் கெடச்சான் சந்திராம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, வேலையில் சேரும் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது சிக்கந்தர் வந்தான்.

வேறு கல்லூரிப் பையன் ஒருவன் சொல்லித்தான் நேர்காணல் முடிந்துவிட்டது என்று தெரிந்திருக்கிறது. சண்டை போட வரவில்லை. "என் மார்க் பத்தலையான்னு மட்டும் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன் மேடம். எனக்குக் கீழ மார்க் எடுத்தவங்களுக்கெல்லாம் போன் வந்திருக்கு" என்றான்.

அவனுடைய தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். அப்போதுதான் அதை நன்றாகப் பார்த்தேன். பதிவேட்டில் நான் வரி மாற்றி எழுதவில்லை. தாளின் மேல் ஓரத்தில், பெயருக்கும் மேலே, சின்ன எழுத்தில் அதே எண் அச்சாகியிருந்தது.

"இது உங்க நம்பரா?"

குனிந்து பார்த்தான். "இல்ல மேடம். என் நம்பர்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். "இது பிரபு நம்பரு."

பிரபு தன் ரெஸ்யூமை அவனுக்கு ஃபைலாகக் கொடுத்திருக்கிறான். சிக்கந்தர் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பெயர், அப்பா பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறான். "மேல இருந்தது மட்டும் சாம்பக் கலர்ல மங்கலா இருந்துச்சு மேடம். மவுஸ வச்சுத் தட்டுனா கர்சர் அங்க போகல. அது பேப்பர்ல வராதுன்னு நெனச்சேன்" என்றான். ஹெடர் என்கிற அந்த மேல் ஓரப் பகுதியை மவுஸால் இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். அது அவனுக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் வந்திருந்தது அவனுடைய சொந்த மின்னஞ்சலிலிருந்துதான். அதற்கே நான் பதில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

"அப்ப போன் அவனுக்குத்தான் வந்திருக்கும். அவன் என்ட்ட சொல்லவே இல்லயே மேடம். தெனமும் பேசிட்டுத்தான இருக்கோம்." அவன் என்னிடம் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். பிரபுவுக்கு வேலை கிடைத்தது அவனுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி என்று மட்டும் பிரபு சொல்லியிருக்கவில்லை.

நான் அவனிடம், "விசாரிச்சுச் சொல்றோம், நீங்க போங்க" என்றேன். போனான். அன்றும் மறுநாளும் நான் துளசிராம் சாரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆர்டர் போய்விட்டது, இடம் நிறைந்துவிட்டது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே பல காரணங்கள் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், அன்றைக்கு மதியம் நான் டப்பா கழுவப் போனதையும் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் காலை அவர் வந்து உட்கார்ந்ததும் உள்ளே போய் முழுவதையும் சொன்னேன். மதியம் உறைத்ததையும் சொன்னேன்.

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வைத்து, மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். ஏழெட்டு நிமிடம் ஆனது. நான் நின்றுகொண்டிருந்தேன். "ரெண்டு பேரையும் நாளைக்கு வரச் சொல்லு. ஒருத்தன் வர்றது இன்னொருத்தனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

மறுநாள் பிரபு சீக்கிரம் வந்துவிட்டான். சேர்வதற்கான படிவம் ஏதோ நிரப்ப வேண்டும் என்று நினைத்து பேனாவோடு உட்கார்ந்திருந்தான். சிக்கந்தர் படியேறி வந்ததைப் பார்த்ததும் எழுந்தான். உள்ளே கூப்பிட்டு இருவரையும் உட்காரச் சொன்னார் துளசிராம் சார்.

"போன்ல சிக்கந்தரான்னு கேட்டப்ப நீ என்ன சொன்ன?"

"சொல்லுங்க மேடம்னு சொன்னேன் சார்" என்றான் பிரபு.

"ஆமான்னு சொல்லல."

"சொல்லல சார்."

"இல்லன்னும் சொல்லல."

பிரபு கையிலிருந்த பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். "சொல்லல சார்."

"ஏன்?"

"பதினெட்டுக் கம்பெனிக்குப் போட்டேன் சார். நான் எழுதிக் குடுத்தவங்கள்ல எத்தனையோ பேத்துக்குக் கூப்பிட்டாங்க. எல்லாம் என் வரிதான். எனக்கு ஒன்னு கூட வரல. மொத மொதல்ல போன் வந்துச்சுன்னு எடுத்தா, அவன் பேரச் சொல்லிக் கேக்குறாங்க." சாதாரணமாகத்தான் சொன்னான். "அன்னைக்கே சொல்லிரலாம்னுதான் சார் இருந்தேன். ஒரு நாள் போயிருச்சு. அப்புறம் சொல்ல முடியல."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சிக்கந்தர் நிமிர்ந்தான். "மாப்ள, ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே உன்னயும் கூட்டிட்டு வந்திருப்பேன்ல."

"கூட்டிட்டு வந்து? கேட்ல உக்கார வச்சிருப்ப."



துளசிராம் சார் பிரபுவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒர்க்ஸ் மேனேஜரை வரவழைத்து சிக்கந்தரை அங்கேயே நேர்காணல் செய்தார். பையன் தடுமாறினான். எந்த வரி நீ எழுதியது என்றதற்கு, "பேரும் மார்க்கும் சார். அதுலயும் நம்பர விட்டுட்டேன்" என்றான். பாடத்தில் பரவாயில்லை. கவரிங் லெட்டரில் ஆயில் சீல் பற்றி இருந்த நான்கு வரிகளைக் கேட்டபோது, அது பிரபு பார்த்தது என்று ஒப்புக்கொண்டான்.

அவன் வெளியே போனதும் ஒர்க்ஸ் மேனேஜர் நேராகவே சொன்னார். "சார், பிரபு பொய்ப் பேப்பர் ஒன்னும் குடுக்கல. சொந்தப் பேரு, சொந்த சர்டிபிகேட். எனக்கு அவன்தான் வேணும்."

"அவன் இவனவிடக் கெட்டிக்காரன்தான்" என்றார் துளசிராம் சார். "ஆனா அந்த அழைப்பு அவனுக்கு வந்ததில்ல. நீங்க அவன இன்ஸ்பெக்ஷன்ல போடப் போறீங்க. மோசமான பீஸ் ஒன்னு தாண்டிப் போகும்போது சும்மா இருந்துட்டான்னா? அவன் பொய் சொல்ல மாட்டான். சும்மா இருப்பான்."

பிரபுவின் ஆர்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சிக்கந்தருக்குப் புதிதாக ஆர்டர் டைப் செய்தேன். பிரபுவிடம் துளசிராம் சாரே சொன்னார். "அடுத்த வருஷம் ஒன் பேர்ல, ஒனக்காக அப்ளிகேஷன் போடு. பாப்போம்." அவன் தலையாட்டிவிட்டு, ஜவுளிக்கடைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். சிக்கந்தர் கொஞ்ச நேரம் வராந்தாவிலேயே நின்றான். "எங்க அத்தாட்டயும் அம்மாட்டயும் என்னன்னு போய்ச் சொல்றது மேடம்? எங்க வீட்டுல அம்புட்டுப் பேருக்கும் அவன் செல்லம்" என்றான். வேலை வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்வான் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. துளசிராம் சாரே எழுதி, அவர் கையாலேயே கொடுத்தார். கவனக்குறைவு, அதைவிட முக்கியமாக, அறிந்த பின்னும் தாமதம். நான் கையெழுத்துப் போட்டேன். "ரெண்டு நாள்ல சொல்லிட்ட. அதையும் எழுதிருக்கேன்" என்றார். கடைசி வரியில் எழுதியிருந்தார். என் வேலைக்கு எந்தப் பாதிப்பும் வரவில்லை. அந்த விஷயத்தில் மூன்று பேர் தப்பு செய்தோம். ஒருவனுக்கு வேலை போனது, ஒருவனுக்கு வேலை கிடைத்தது, எனக்கு ஒரு தாள் மட்டும் கிடைத்தது. இதில் நியாயம் எவ்வளவு என்று நான் அப்போது கணக்குப் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த பங்குனிக்கு முன்பே துளசிராம் சார் ஓய்வு பெற்றுவிட்டார். புது மேலாளர் இளம் வயது, கோயம்புத்தூரில் படித்தவர், நல்ல மனிதர். திரையிலேயே படிப்பார். அந்த வருட விண்ணப்பங்களில் பிரபுவின் பெயர் இருந்தது. அதே சதவீதம், அதே அரியர். அது மாறக்கூடியதில்லை. கவரிங் லெட்டர் மட்டும் புதிது. ஆங்கிலத்தில் இருந்ததன் சாரத்தை எழுதுகிறேன்:

'சென்ற ஆண்டு என் நண்பனுக்கு வந்த அழைப்பை என்னுடையதுபோல எடுத்துக்கொண்டு தங்கள் நேர்காணலுக்கு வந்தேன். தேர்வானேன். பிறகு அது சரியான காரணத்துக்காக ரத்து செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம் என்று அப்போதைய மேலாளர் சொன்னதால் இந்தக் கடிதம். தங்கள் மதிப்பெண் விதியை நான் எட்டவில்லை என்பதையும் அறிவேன்.'

என் காலத்தில் வந்த கடிதங்களிலேயே அடைமொழி இல்லாத கடிதம் அது ஒன்றுதான். அச்செடுத்துக்கொண்டு புது மேலாளரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நல்லாத்தான் எழுதிருக்கான் மேடம். ஆனா கட்-ஆஃப்னு ஒன்னு வச்சா எல்லாருக்கும்தான். இவன உள்ள விட்டா, இவனுக்கு மேல மார்க் எடுத்து வெளிய நிக்கிற நூறு பேருக்கு என்ன பதில் சொல்றது?"

என் இடத்துக்கு வந்து தாளைக் காக்கிக் கோப்பில் வைத்தேன். மற்ற வேலைகளைப் பார்த்தேன். மதியத்துக்கு மேல் தொலைபேசியை எடுத்து, தாளின் மேல் ஓரத்தில் இருந்த எண்ணை அழுத்தினேன். நிராகரித்த ஒருவரை நான் கூப்பிட்டது முப்பத்தொரு வருடத்தில் அந்த ஒரு முறைதான்.

"பிரபுவா?"

"ஆமா மேடம், பிரபுதான் பேசுறேன்." என் குரல் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த வருஷமும் மார்க்க வச்சு உங்க அப்ளிகேஷன் நிக்குது தம்பி. லெட்டர மேனேஜர்ட்ட காட்டினேன். படிச்சாரு. முடியாதுன்னுட்டாரு. நீங்க காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னுதான் சொல்றேன்."

"சரிங்க மேடம். வராதுன்னு தெரியும். அவரு போடச் சொன்னாரு, அதான் போட்டேன்." கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்ப்பதாகச் சொன்னான். டிராயிங் போடுவது, கொட்டேஷன் எழுதுவது, வெளியூர்க் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அவன்தானாம். பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"மேடம், சிக்கந்தர் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். உங்களுக்குள்ள பேச்சே இல்லையா?"

"இல்ல மேடம். அன்னைக்கு அந்தப் படியில எறங்குனதுதான்."

"இப்ப ஷிப்ட்லதான் இருக்கான். கூப்பிடவா?"

"வேண்டாம் மேடம்" என்றான். பிறகு கிரைண்டர் சத்தம் மட்டும் வந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். "கூப்பிடுங்க மேடம்."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு, இன்டர்காமில் இன்ஸ்பெக்ஷனுக்குப் பேசினேன். சிக்கந்தர் வந்தான். கையெல்லாம் கார்பன் கறுப்பு. "உனக்குப் போன்" என்றேன். யார் என்று கேட்டான். நான் சொல்லவில்லை. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எடுத்து, "ஹலோ, சிக்கந்தர்" என்றான்.

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். நான் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். மூன்றரை மணி டீ மணி அடித்தது. அவன் இன்னும் வெளியே வரவில்லை.